ஒரு சென்டிமீட்டர் தள்ளுபடி

எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் அதை அப்படியே கேட்டுக்கொள்வது சொன்னவருக்கு அவமரியாதை என்று நினைத்துத்தான் வளர்ந்தோம். குழந்தைகளின் ஆயத்த உடைக் கடை எங்களுடையது. கடைத்தெருவில் என் பட்டப்பெயர் 'பாதி'. யார் என்ன சொன்னாலும் என் வாயில் முதலில் வரும் சொல் அதுதானாம். பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றபோது ஒன்றோடு முடித்துக்கொள்ளச் சொன்னவன் நான். அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மிச்சம் பிடித்த பல் அடுத்த மாதமே என்னைப் பாடாய்ப்படுத்தியது. அதை வெளியில் சொல்லவில்லை. வியாபாரத்தில் ஜெயித்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

என் தங்கையும் அவள் மகளும் கடைக்கு மேல்மாடியில் இருந்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு ஒரு தடவை வருவார், ஊதிய கன்னத்தோடு வந்து வற்றிய பையோடு போவார். அவர் இல்லாத நாளெல்லாம் ஆஸ்பத்திரி, கேஸ், கரண்ட் எல்லாவற்றுக்கும் நான்தான். குழந்தைக்கு நான் வைத்த பெயர் 'ஜட்ஜம்மா'. யார் முகத்தைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் சிரிக்காமல் உற்றுப் பார்ப்பாள். குற்றவாளியா நிரபராதியா என்று முடிவு கட்டியபிறகுதான் சிரிப்போ அழுகையோ வரும். எனக்கு எப்போதும் விடுதலைதான்.

ஆறாவது மாதத் தடுப்பூசிக்குப் போயிருந்தோம். குழந்தைகள் நல மையத்தில் அன்றைக்கு நாற்பது தாய்மார்களாவது இருந்திருப்பார்கள். தங்கை ஊசிச் சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். ஜட்ஜம்மா என் மடியில். எடை பார்க்கிற நர்ஸ், கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, எடை, நீளம் எல்லாம் எழுதிவிட்டுக் குழந்தையின் தலையைச் சுற்றி டேப்பை வைத்தார். இன்னொரு தரம் வைத்தார்.

"நாப்பத்தஞ்சு" என்றார்.

எண் காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னம்மா இது, தலையா பூசணிக்காயா? நாப்பத்தஞ்சுக்கு வாய்ப்பே இல்ல."

"நாலாம் மாசம் நாப்பத்தொண்ணு இருந்துச்சு சார். இப்ப நாப்பத்தஞ்சு. கோட்டைத் தாண்டிடுச்சு பாருங்க." கையிலிருந்த கார்டில் வளைந்து வளைந்து போகிற கோடுகளில் மேல்கோட்டைக் காட்டினார்.

"உங்க டேப்பு சுருங்கியிருக்கும். நான் இருபது வருஷமா குழந்தைங்களுக்குத் தொப்பி விக்கிறவன்மா. கண்ணால பாத்தே சைஸ் சொல்லுவேன்."

கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்ததால் என் டேப் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா காலத்துத் துணி டேப். சுற்றினேன். இழுத்துப் பிடித்தும் பிடித்தேன்; பொய் சொல்லவில்லை. "நாப்பத்து மூணரை. பாருங்க, நீங்களே பாருங்க."

"சார், உங்க டேப்பு எங்க அம்மாவைவிடப் பழசா இருக்கும் போல."

"அதனாலதான் அதுக்கு அனுபவம் ஜாஸ்தி."

பின்னால் நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். கூட்டம் சிரித்துவிட்டால் எனக்கு அப்புறம் நிற்காது.

"நாப்பத்தஞ்சுன்னா நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதணும் சார். இது விளையாட்டு இல்ல."

"ஒரு கோட்டைத் தாண்டினதுக்கு லெட்டரா? இவ அப்பன் தலையைப் பாத்திருக்கீங்களா? ஹெல்மெட்டுக்கே ஆர்டர் குடுக்கணும். சரி, உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். நாப்பத்து நாலுன்னு போடுங்க."

"தலைக்குமா பேரம் பேசுவீங்க?"

"உங்களுக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு. இந்தத் தலையோடயே எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

நர்ஸும் சிரித்துவிட்டார். களைத்தவர்களின் சிரிப்பு. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, ஒரு அம்மா இடித்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்து நாலுன்னு போடறேன். ஆனா அடுத்த மாசம் கண்டிப்பா கொண்டு வரணும். நானே அளக்கணும்" என்றார். பேனாவை அழுத்திப் புள்ளி வைத்தார். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, உள்ளே, பத்திரமாக உட்கார்ந்தது புள்ளி.

தங்கை சீட்டோடு வந்தாள். "என்னண்ணா சொன்னாங்க?"

"எல்லாம் கரெக்டா இருக்கு. தலை நிறைய மூளையாம்."

அந்தப் பேரத்தில் எனக்கு என்ன லாபம் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். லெட்டர் எழுதினால் அலைய வேண்டுமே என்ற சோம்பல்கூட அப்போது மனதில் இல்லை. ஒரு எண் சொன்னார்கள், நான் குறைத்தேன், அவ்வளவுதான். பின்னாளில் புது டேப் ஒன்று வாங்கி இரண்டையும் மேஜையில் நீட்டி வைத்துப் பார்த்தேன். எங்கள் டேப் முப்பது வருட இழுப்பில் நீண்டுபோயிருந்தது. புதியதில் நாற்பத்தைந்து இருக்கும் இடத்தில் அதில் நாற்பத்து மூன்றரை. அந்த அம்மா சொன்னது மில்லிமீட்டர் சுத்தம்.

அடுத்த மாதம் போகவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன், கடையில் காலை வைக்க இடமில்லை. தங்கை கேட்டாள். "அடுத்த வாரம்மா" என்றேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். இதற்கிடையில் குழந்தை காலையில் எழுந்ததும் பால் குடிக்காமலே வாந்தி எடுத்தாள். தெருமுனை டாக்டர் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். பிறகு பல் முளைக்கிறது என்றார். பாதி நேரம் தூங்கினாள், மீதி நேரம் நசநசவென்று அழுதாள். முட்டுக்கொடுத்தால் உட்கார ஆரம்பித்திருந்தவள் மறுபடி சரிந்தாள்.

ஒருநாள் தங்கை கடைக்கு இறங்கி வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். "அண்ணா, இவ இப்பல்லாம் ஃபேனைப் பாக்கறதே இல்ல."

"தினம் அதே ஃபேன்தானே? பழைய சரக்கு. போரடிச்சிருக்கும்."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மேல பாக்கவே மாட்டேங்கிறாண்ணா. கண்ணு ரெண்டும் கீழயே இறங்கி நிக்குது" என்றாள்.

சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தேன். கருவிழி கீழிமைக்குள் பாதி இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. அஸ்தமிக்கிற சூரியன் மாதிரி. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் வேறொன்றும் செய்யவில்லை. ஜட்ஜம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து உச்சிக்குழியில் இரண்டு விரலை வைத்தார். குழி இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருந்தது. அந்த இடத்தின் வழியாகவே ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மயக்கம் கொடுத்துப் பெரிய ஸ்கேன். டேப் வைத்து அளந்தபோது நாற்பத்தெட்டரை. நான் வாயைத் திறக்கவில்லை.

மூளை அறுவை டாக்டர் ஒரு பெண்மணி. குட்டையான உருவம், நகத்தை ஒட்ட வெட்டிய கைகள், ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் பேசாதவர். படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"பின்மூளையில கட்டி இருக்கு. மூளைக்குள்ள ஒரு தண்ணி ஓடிட்டே இருக்கும். அது போற வழியைக் கட்டி அடைச்சிருச்சு. தண்ணி தேங்குது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மண்டை எலும்பு இன்னும் ஒட்டியிருக்காது, அதனால தலை விரிஞ்சு இடம் குடுத்துட்டே போகும். பெரியவங்களா இருந்தா தலைவலியில துடிச்சு என்னைக்கோ வந்திருப்பாங்க. இவங்களுக்குச் சொல்லத் தெரியாது. அதனாலதான் மாசாமாசம் தலையை அளக்கச் சொல்றோம்."

தங்கை கைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் விரலால் வளைகோட்டைத் தடவிக்கொண்டு போனார். "ஆறு மாசத்தில நாப்பத்து நாலு. கோட்டுக்குள்ளதான் இருந்திருக்கு. அப்ப இது ரெண்டே மாசத்தில கிடுகிடுன்னு..." என்று யோசித்தார்.

"ஆமா டாக்டர். அப்ப சரியாத்தான் இருந்துச்சு. போன மாசம் மட்டும்தான் விட்டுப்போச்சு" என்று தங்கை சொன்னாள். சொல்லும்போதே அவள் குரலில் ஒரு பிடிமானம் வந்தது. விழுகிறவள் கைக்கு ஏதோ ஒரு கம்பி அகப்பட்ட மாதிரி.

டாக்டரைத் தாழ்வாரத்தில் மடக்கி விஷயத்தைச் சொன்னேன். டேப், நாற்பது தாய்மார்கள், சிரிப்பு எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லாபம்.

"ஆபரேஷன் மாறாது. ஆனா சொன்னது நல்லதாப் போச்சு. நான் நினைச்ச அளவுக்கு வேகமா வளர்றது இல்ல போல" என்றார்.

"கண்ணு?"

"கண் நரம்பு அழுத்தம் தாங்காம வெளுத்துப் போயிருக்கு. ரெண்டு மாசம் முன்னாடின்னா வீக்கம் மட்டும்தான் இருந்திருக்கும். அநேகமா."

"அநேகமான்னா, பாதிக்குப் பாதியா? இல்ல அதுக்கும் மேலயா?"

"சார், என்கிட்ட எண் கேக்காதீங்க." நடக்க ஆரம்பித்தவர் நின்றார். "தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அது உங்க வேலை. என் வேலை இல்ல."

முதலில் தண்ணீரை வடிக்கக் குழாய் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கட்டியை எடுத்தார்கள். ஜட்ஜம்மா உடம்பில் மொத்தமாக ஓடுகிற ரத்தமே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட நிரம்பாது என்று மயக்க டாக்டர் சொன்னார். துடைக்கிற பஞ்சைக்கூட எடை போட்டு எவ்வளவு ரத்தம் போனது என்று பார்ப்பார்களாம். ஆறரை மணி நேரம். வெளியே வந்த அறுவை டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றி, "கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துட்டேன்" என்றார். 'எல்லாம்' என்ற சொல்லுக்கு என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கைகூப்பினேன்.

அதற்குப் பிறகு, கட்டி மறுபடி வராமலிருக்க மருந்து. இந்த வயதில் கதிர்வீச்சு கொடுத்தால் வளர்கிற மூளை பாழாகும் என்பதால் அதைத் தவிர்த்து, நெஞ்சில் ஒரு குழாய் பொருத்தி மாதக்கணக்கில் மருந்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் குழந்தையை நிறுத்து, அந்த எடைக்குத் தகுந்தபடி, விரல் நீள ஊசியில் சொட்டு சொட்டாக எடுத்துவைப்பார்கள். இரண்டு நர்ஸுகள் தனித்தனியாகப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் குறைப்பதில்லை. முடி கொட்டியது. காய்ச்சலில் மூன்று முறை வார்டில் கிடந்தாள். வாய்ப்புண்ணுக்கு நடுவே முதல் பல்லும் வந்தது. ஒன்றரை வயதில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது.

கண் மட்டும் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவாள், வெளிச்சம் தெரிகிறது. முகம் தெரியாது. இப்போதும் யார் பேசினாலும் ஒரு நிமிடம் அசையாமல் இருப்பாள், காதால். என் குரல் கேட்டதும் சிரிப்பாள். அந்த விடுதலையை வாங்கிக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லை.

தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். குழாய் வைத்த அன்று சொல்லலாமென்று இருந்தேன், அவள் சாப்பிடாமல் இருந்தாள். ஆபரேஷன் முடிந்ததும் சொல்லலாமென்று நினைத்தேன், அவள் அப்போதுதான் தூங்கினாள். பிறகு ஒரு தடவை அவளே தொலைபேசியில் கணவரிடம் சொல்வதைக் கேட்டேன். "நான் கவனிக்காம இல்லங்க. ஆறாவது மாசம் அளந்தாங்க. கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு. கார்டே இருக்கு." அந்தக் கார்டை அவள் பிளாஸ்டிக் உறை ஒட்டி வாங்கிவைத்திருந்தாள். கண் டாக்டர், பயிற்சி கொடுக்கிற அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி என்று யார் "முன்னாடியே பாக்கலியா?" என்று கேட்டாலும் அதை எடுத்து அந்தப் புள்ளியைக் காட்டுவாள். ஊரெல்லாம் அவள்மேல் எறிகிற கேள்விக்கு ஒரே கேடயம் அதுதான். அதைச் செய்து கொடுத்தவன் நான். அதை எப்படிப் பிடுங்குவது? இப்படி எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். என்னிடம் நானே பேரம் பேசினால் யார் ஜெயிப்பார் என்று கேட்க வேண்டுமா?

நர்ஸிடம் மட்டும் ஒரு தடவை போனேன். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். குழந்தைக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் டேப்பைச் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். "பேசினது நீங்க. எழுதின கை என்னோடது சார்" என்றார். அந்தக் கணக்கிலும் பாதியை அவரே எடுத்துக்கொண்டார்.

போன வருடம், ஜட்ஜம்மாவுக்கு இரண்டேகால் வயது, வழக்கமான பரிசோதனைக்கு அறுவை டாக்டரின் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. கணவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். முழங்காலில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. அவள் மடியில் ஐந்து மாதப் பையன், கையில் ஒரு லெட்டர். அவர்கள் டோக்கன் எங்களுக்கு முப்பது பேர் பின்னால்.

"தலை கொஞ்சம் பெருசா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. கோட்டுக்கு மேல ஒரு நூல்தான். இதுக்குப் போயி இவரு ஒருநாள் வேலையைக் கெடுத்துட்டு..." என்று அவள் தங்கையிடம் சொன்னாள். "உங்க பாப்பாவுக்கு என்னக்கா?"

தங்கை சொன்னாள். சொல்லிவிட்டுக் கார்டை எடுத்தாள். "ஆனா நீ பயப்படாதம்மா. எங்களுக்குப் பாரு, ஆறு மாசத்தில கோட்டுக்குள்ளதான். அளவு சரியா இருந்தவளுக்கே வந்துச்சு. வர்றதா இருந்தா திடீர்னு வரும். தலை அளவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"கேட்டுக்கிட்டியா? அனுபவப்பட்டவங்களே சொல்றாங்க" என்றான் கணவன். "எங்க வம்சத்துக்கே தலை பெருசுதான். எந்திரி. இன்னொரு நாள் வந்துக்கலாம்."

அவள் பால் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள்.

"உக்காருங்க" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஜட்ஜம்மா தலையைத் திருப்பினாள்.

"தம்பி, உக்காரு. நீ சொன்ன அதே வார்த்தையை நான் சொன்னேன். அவங்கப்பனுக்கும் தலை பெருசுன்னு. அந்தக் கார்டுல இருக்கற புள்ளி சரி இல்ல." தங்கையின் பக்கம் திரும்பாமல்தான் சொன்னேன். பிறகு திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. "நர்ஸு சொன்னது நாப்பத்தஞ்சும்மா. நான்தான் என் டேப்பை வெச்சு அளந்து, வாயடிச்சு, நாப்பத்து நாலுன்னு எழுத வெச்சேன்."

தங்கை கார்டைப் பார்த்தாள். கட்டைவிரலால் புள்ளியைத் தேய்த்தாள். பிளாஸ்டிக்குக்குக் கீழே அது அசையாமல் இருந்தது.

"லெட்டர் எழுதறேன்னாங்களா?"

"ம்."

"நான் எங்க இருந்தேன்?"

"ஊசிச் சீட்டு வாங்க வரிசையில நின்னுட்டிருந்த."

அவள் அந்த மையத்தின் ஹாலை மனதுக்குள் அளந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அவ்வளவு பக்கத்திலயா?" என்றாள்.

டைல்ஸ்காரன் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் மனைவி பையனின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தாள்.

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். தங்கை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காலியாக இருந்த கையை எனக்கு எதிரே லேசாக நீட்டினாள். போக்குவரத்தை நிறுத்துவது போல. கதவு முழுசாகச் சாத்தவில்லை. உள்ளே அவள் குரல் கேட்டது. "முன்னாடி சொன்னது தப்பு டாக்டர். ஆறாவது மாசமே நாப்பத்தஞ்சு இருந்திருக்கு. நாங்கதான் விட்டுட்டோம்." 'நாங்க' என்றாள். என்னைத் தனியாக எடுத்து வைத்திருந்தால்கூடத் தேவலை.

டைல்ஸ்காரனின் பையனுக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை. என் நம்பர் வாங்கிப் போயிருந்தவன் அடுத்த நாள் போன் பண்ணினான். "பரம்பரைத் தலைதான் சார், டாக்டரே என் தலையையும் அளந்து பாத்துட்டாங்க" என்று சிரித்தான். தங்கையிடம் சொன்னேன். "சந்தோஷம்" என்றாள்.

ஒரு வருடமாகிறது. எல்லாம் முன்போலத்தான் நடக்கிறது. சாப்பாடு வைக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு என்னோடுதான் வருகிறாள், குழந்தையை என் கையில் கொடுக்கிறாள். "சாப்பிட வாங்க" என்கிறாள், "போன் அடிக்குது" என்கிறாள். அண்ணா என்ற சொல் மட்டும் அவள் வாயில் வருவதில்லை. கூட்டத்தில் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தால், பக்கத்தில் நடந்து வந்து சட்டைக் கையைத் தொடுகிறாள்.